பச்சை லேசர் பாயிண்டர் இரவில் மங்கிவிடுகிறது: பேட்டரியா, உள்ளே பழுதா?

மேல்மலை ஆசிரியை
ஜனவரி 6, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் மேல்மலைப் பகுதியில் ஒரு பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். நிலவில்லாத இரவுகளில் எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் மைதானத்துக்கு வரவழைத்து நட்சத்திரங்களை அடையாளம் காட்டுவதைச் சென்ற ஆண்டு தொடங்கினோம். அதற்காக மார்ச் மாதம் இணையத்தில் ஒரு பச்சை லேசர் பாயிண்டர் வாங்கினேன். பேனா வடிவம், இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி போடுவது, உறையில் அலைநீளம் 532 நானோமீட்டர் என்றும், ஒளியின் திறன் 5 மில்லிவாட்டுக்குக் குறைவு என்றும் அச்சிட்டிருக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் அது குறையில்லாமல் வேலை செய்தது. பொத்தானை அழுத்தினால் பச்சை நூல் கட்டியதுபோல ஒரு கோடு வானத்தில் ஏறும். சப்தரிஷி மண்டலத்தில் ஒவ்வொரு நட்சத்திரமாகத் தொட்டுக் காட்ட முடிந்தது. மழைக்காலம் முழுவதும் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. டிசம்பர் அமாவாசையன்று கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டுவதற்காக எடுத்து அழுத்தினேன். முதலில் சில வினாடிகள் கோடு தெரிந்தது, பிறகு மங்கத் தொடங்கி, கடைசியில் என் கைக்கு மேல் ஒரு முழம் தூரம் புகைபோல நின்றது. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி "டீச்சர், கோடு எங்கே?" என்று கேட்டுவிட்டாள்.

ஊர்க் கடையில் புதிய பேட்டரி வாங்கிப் போட்டேன்; பெரிய மாற்றமில்லை. ஆனால் மறுநாள் நண்பகலில் வகுப்பறையில் அழுத்திப் பார்த்தால் சுவரில் பழைய பிரகாசம் அப்படியே இருக்கிறது. ஒரு நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் இரவிலும் சில சமயம் தானாகவே தெளிகிறது, பிறகு மறுபடியும் மங்குகிறது. இது பேட்டரிக் கோளாறா, லேசரே தேய்ந்துவிட்டதா, அல்லது நானே சரிசெய்யக்கூடிய ஏதாவதா? என்னிடம் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் பள்ளி ஆய்வகத்தின் சில்லறைப் பொருள்களும் இருக்கின்றன. அடுத்த அமாவாசைக்குள் ஒரு முடிவுக்கு வந்தால் நன்று.

பேட்டரிப் பித்தன்
ஜனவரி 6, இரவு 10.02

ஆசிரியைக்கு வணக்கம். முதலில் ஒரு சந்தேகம். ஊர்க் கடையில் "டிரிபிள் ஏ கொடுங்கள்" என்று மட்டும் கேட்டிருந்தால், பெரும்பாலும் ரிமோட்டுக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் போடுகிற துத்தநாக-கரி பேட்டரியைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். ரிமோட் கேட்பது சில மில்லியாம்பியர்தான், அதுவும் விட்டுவிட்டு. உங்கள் பச்சைப் பேனாவோ பொத்தானை அழுத்தியிருக்கும் நேரமெல்லாம் ஏறத்தாழ 300 மில்லியாம்பியர் இழுக்கும். அந்தச் சுமைக்கு இந்தப் பேட்டரி தாங்காது. வெறுமனே மீட்டரில் வைத்துப் பார்த்தால் 1.5 வோல்ட் காட்டும், அழுத்திய மறுகணமே சரிந்துவிடும். பேட்டரி "புதியது" என்பதால் மட்டும் அது நல்லது என்று ஆகிவிடாது. உறையில் ஆல்கலைன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் கையில் எடுத்தாலே ஆல்கலைன் கனமாக இருப்பது தெரியும்.

குளிருக்கும் இதில் பங்கு உண்டு. பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. வெப்பநிலை இறங்கினால் அயனிகளின் ஓட்டம் மந்தமாகி, பேட்டரியின் அகமின்தடை ஏறுகிறது. சிக்கனத்துக்காக ரீசார்ஜ் செய்யும் நிக்கல் பேட்டரி போட்டிருந்தால் அது வேறு கதை: ஒன்றுக்கு 1.2 வோல்ட் வீதம் இரண்டும் சேர்ந்து 2.4 வோல்ட்தான். உள்ளே ஒளியை உண்டாக்கும் டயோடுக்கே 2 வோல்ட் அளவு போய்விடும் என்பதால், அதை நடத்தும் சிறிய மின்சுற்றுக்கு மிச்சம் வைக்க இடமே இருக்காது.

ஆனால் ஊகிப்பதைவிட அளப்பது மேல். பேனாவைத் திறந்து, பேட்டரியின் வெளிமுனைக்கும் உலோக உறைக்கும் இடையில் மல்டிமீட்டரைத் தொடர் இணைப்பில் வைத்து, பொத்தானை ஒரு ரப்பர் பேண்டால் அழுத்தி வைத்து, மின்னோட்டத்தைப் பாருங்கள். சிவப்புக் கம்பியைக் கட்டாயமாக 10 ஆம்பியர் துளையில் சொருகவும். மில்லியாம்பியர் துளையில் வைத்தால், விலை குறைந்த மீட்டர்களில் 200 மில்லியாம்பியரைத் தாண்டியவுடன் ஃபியூஸ் போய்விடும். போகாவிட்டாலும் மீட்டரே கொஞ்சம் வோல்ட்டை விழுங்கிக்கொண்டு பேனாவை இன்னும் மங்கலாக்கும். நீங்கள் மீட்டரின் குறையைப் பேனாவின் குறையாக எழுதி வைப்பீர்கள். நானே ஒருமுறை அப்படி ஏமாந்து, நல்ல பேனா ஒன்றைப் பிரித்துக் கெடுத்திருக்கிறேன்.

ஒளி மங்கும்போது மின்னோட்டமும் சேர்ந்து இறங்கினால் கோளாறு பேட்டரி, தொடர்பு, மின்சுற்று ஆகிய பக்கத்தில் இருக்கிறது. மின்னோட்டம் அசையாமல் நின்று ஒளி மட்டும் இறங்கினால், பேட்டரியைத் திட்டிப் பயனில்லை. இந்த ஒரு அளவீடு பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடும்.

பழைய ரேடியோ
ஜனவரி 7, காலை 7.30

நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மழைக்காலம் முழுவதும் இழுப்பறையில் கிடந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பேட்டரியைக் கழற்றாமல் வைத்திருந்தீர்களா? மலைப் பகுதியின் ஈரத்தில் பேட்டரி சற்றுக் கசிந்தாலே ஸ்பிரிங் மீது வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்துவிடும். இந்தப் பேனாக்களில் உலோக உறையே மின்கம்பியாகவும் இருப்பதால், மரையில் படியும் அழுக்கும் ஒரு மின்தடைதான். 300 மில்லியாம்பியர் ஓடும் பாதையில் ஒரு ஓம் கூடுதலாக வந்தால் 0.3 வோல்ட் காணாமல் போகிறது. மொத்தமே 3 வோல்ட் உள்ள இடத்தில் அது சிறிய இழப்பு அல்ல.

ஸ்பிரிங்கையும் மரையையும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மாட்டவும். உறையை இறுக்கும்போது ஒளி கூடினாலோ, பேனாவைத் தட்டினால் மினுங்கினாலோ லூஸ் கான்டாக்ட்தான், ஐயமில்லை. பொத்தானும் தேயும் பொருள்தான். அழுத்தும் கோணத்துக்குத் தக்கபடி ஒளி மாறுகிறதா என்று கவனியுங்கள். முன்பக்கக் கண்ணாடி வில்லையில் விரல்ரேகை பட்டிருந்தால் அதையும் துடையுங்கள். ஆனால் அது ஒளியைச் சிதறடிக்குமே தவிர, நீங்கள் சொல்வதுபோல் ஏறவும் இறங்கவும் செய்யாது.

இவை எதனாலும் சரியாகாவிட்டால், உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகையில் திருகக்கூடிய ஒரு சிறிய மின்தடை சில மாடல்களில் இருக்கும். அதை ஊசி முனையால் கால் சுற்று திருப்பினால் டயோடுக்குப் போகும் மின்னோட்டம் கூடும், ஒளியும் கூடும். பலர் இப்படிச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஒளியியல் கூடம்
ஜனவரி 7, பிற்பகல் 1.20

பழைய ரேடியோ ஐயா சொன்னவற்றில் முதல் இரண்டு பத்திகளை அப்படியே ஏற்கிறேன். கடைசிப் பத்தியைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம். லேசர் டயோடின் ஒளி வெளிவரும் முகப்பு மிக மிகச் சிறியது. தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் கொடுத்தால் அந்த முகப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் உருகிப்போகும். அதன் பிறகும் மின்னோட்டம் ஓடும், ஒளியும் வரும். ஆனால் அது லேசராக இருக்காது, சாதாரண எல்இடி போல மங்கலாகக் கசியும். மேலும், அந்தத் திருகைத் தொட்டவுடன் உறையில் அச்சிட்டுள்ள 5 மில்லிவாட் என்ற கணக்குப் பொய்யாகிவிடுகிறது. பிள்ளைகள் நடுவில் பயன்படுத்தும் கருவியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆசிரியை தந்த குறிப்புகளில் என்னை நிறுத்தியது வேறொன்று: பகலில் நன்றாக இருக்கிறது, குளிரிரவில் மங்குகிறது, நீண்ட நேரம் அழுத்தினால் சில சமயம் தெளிகிறது. 532 நானோமீட்டர் பச்சைப் பேனா தன் பச்சையை நேரடியாக உண்டாக்குவதில்லை. சிவப்புப் பேனாவில் டயோடு தரும் ஒளியே வெளியே வருகிறது. பச்சையில், 808 நானோமீட்டர் அகச்சிவப்பு தரும் டயோடு ஒன்று நியோடிமியம் கலந்த வனடேட் படிகத்தைத் தூண்டுகிறது. அந்தப் படிகம் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை உமிழ்கிறது. அதன் பின்னால் ஒட்டியிருக்கும் கே.டி.பி. என்னும் இன்னொரு படிகம் அதன் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்க, அலைநீளம் பாதியாகி 532 ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஒளிகளின் பேரப்பிள்ளைதான் நீங்கள் பார்க்கும் பச்சை.

சிக்கல் எங்கே என்றால், வனடேட் படிகம் 808-ஐ ஒட்டிய சில நானோமீட்டர் அகலத்துக்குள் வருவதை மட்டுமே ஆவலோடு விழுங்குகிறது. டயோடோ வெப்பநிலைக்குத் தக்கபடி அலைநீளத்தை மாற்றிக்கொள்கிறது, ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர். வகுப்பறையில் 24 டிகிரி, மைதானத்தில் 9 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 15 டிகிரி வித்தியாசத்துக்கு நாலரை நானோமீட்டர் விலகிவிடுகிறது. படிகம் விழுங்கும் பகுதி குறைந்தால் 1064 குறைகிறது. இரட்டிப்பு நடப்பது வர்க்க விதிப்படி என்பதால், 1064 பாதியானால் பச்சை கால்வாசியாகும். உங்கள் கோடு சற்றே மங்குவதோடு நிற்காமல் இவ்வளவு விழுவதன் காரணமும் அதுதான். ஆய்வகத் தரமான கருவிகளில் டயோடை ஒரே வெப்பநிலையில் வைத்திருக்கத் தனி ஏற்பாடு உண்டு; சட்டைப்பை பேனாவில் அதற்கு இடமும் இல்லை, விலையும் இல்லை.

எடுத்தவுடன் நன்றாக இருந்து பிறகு மங்கியது என்றீர்கள். அன்று அதை ஸ்வெட்டருக்குள் வைத்திருந்தீர்களோ? அப்படியானால் உடல்சூட்டில் இருந்த பேனா காற்றில் ஆறியிருக்கிறது. நெடுநேரம் அழுத்தும்போது தன் சூட்டிலேயே மீண்டும் தேறுகிறது. இரவில் ஒருமுறை, பகலில் ஒருமுறை, நண்பர் சொன்னபடி மின்னோட்டத்தை அளந்து பதியுங்கள். முடிந்தால் ஒளியையும் ஏதாவது ஒன்றால் அளந்து பாருங்கள். இருட்டுக்குப் பழகிய கண் நல்ல சாட்சி அல்ல.

மேல்மலை ஆசிரியை
ஜனவரி 9, இரவு 10.40

மூவருக்கும் நன்றி. ஆம், ஸ்வெட்டரின் உட்பையில்தான் வைத்திருந்தேன். பேட்டரியும் துத்தநாக-கரிதான், கடிகாரத்துக்கு வைத்திருந்த அதே வகை. வத்தலக்குண்டுக்குப் போன ஒருவரிடம் சொல்லி ஆல்கலைன் வாங்கினேன். ஸ்பிரிங்கில் உப்பு லேசாகப் பூத்திருந்தது, சுத்தம் செய்தேன். திருகு எதையும் தொடவில்லை.

ஒளியை அளப்பதற்கு, செய்முறைக்காக வாங்கி வைத்திருந்த தனி சோலார் செல் ஒன்றில் கம்பிகளைப் பற்றவைத்து, மீட்டரின் 20 மில்லியாம்பியர் அளவில் இணைத்தேன். (முதலில் தோட்ட விளக்கின் சோலார் தகட்டை முயன்றேன், அளவு ஏறவே இல்லை. அதில் பல செல்கள் தொடராக இருப்பதால், புள்ளி ஒரு செல்லில் மட்டும் விழுந்தால் மற்றவை வழிவிடுவதில்லை என்று பிறகுதான் உறைத்தது.) ஓர் அட்டைப் பெட்டியின் உட்புறம் கறுப்புத்தாள் ஒட்டி, ஒரு முனையில் பேனாவும் மறுமுனையில் செல்லும் அசையாதபடி வைத்தேன். பெட்டியின் பக்கவாட்டில் சிறிய துளையிட்டு, கறுப்புத்தாளில் தெறிக்கும் பச்சையை ஓரளவு பார்த்துக்கொண்டேன்.

நண்பகல், வகுப்பறை, 23 டிகிரி: பேனா இழுத்த மின்னோட்டம் 305 மில்லியாம்பியர், செல் காட்டியது 1.9 மில்லியாம்பியர். இரவு ஒன்பதரை, மைதானத்துத் திண்ணையில் பெட்டியை அரைமணி நேரம் ஆறவிட்ட பிறகு, 9 டிகிரி: பேனாவின் மின்னோட்டம் 285. பச்சை கண்ணுக்கு மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் செல் காட்டியது 2.6 மில்லியாம்பியர்!

மூன்று முறை திரும்பச் செய்தேன். ஒவ்வொரு முறையும் ஒளி மங்கும்போது அளவு ஏறுகிறது. மின்னோட்டம் பெரிதாக இறங்காததால் பேட்டரிக்கு மேல் பழியில்லை என்பது புரிகிறது. ஆனால் மங்கலான ஒளிக்கு செல் எப்படி அதிகம் காட்டும்? மீட்டர் குளிரில் பிசகுகிறதா?

ஒளியியல் கூடம்
ஜனவரி 9, இரவு 11.25

ஆசிரியைக்கு: இன்றிலிருந்து, கீழே சொல்லும் சோதனை முடியும்வரை, அந்தப் பேனாவை மாணவர்கள் முன் எடுக்க வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மீட்டர் பிசகவில்லை. நீங்கள் அளந்தது மிக நல்ல அளவீடு. அதைப் படிக்கும் விதம்தான் வேறு. கண்ணுக்கு 700 நானோமீட்டரைத் தாண்டினால் ஏறக்குறைய எதுவும் தெரியாது. சிலிக்கானால் ஆன சோலார் செல்லுக்கோ 808 நானோமீட்டர் பச்சையைவிட ருசியானது. ஒரு மில்லிவாட்டுக்கு அது தரும் மின்னோட்டம் 532-இல் தருவதைவிட அதிகம். குளிரில் வனடேட் படிகம் விழுங்காமல் விட்ட 808 எங்கே போகிறது? நேராக முன்னால் வருகிறது. அதைத் தடுக்கத்தான் முன்முனையில் அகச்சிவப்பை மட்டும் நிறுத்தும் ஒரு சிறிய வடிகண்ணாடி வைக்க வேண்டும். சில ரூபாய் மிச்சத்துக்காக அதை விட்டுவிடும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் செல் எண்ணியது அந்தக் கசிவைத்தான்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. நிஸ்ட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமெரிக்கத் தர அளவை நிறுவனத்தினர் 2009-இல் விலை குறைந்த, 10 மில்லிவாட் என்று விற்கப்பட்ட பச்சைப் பேனாக்களை வாங்கினார்கள். அவற்றில் ஒன்று மங்கலான பச்சையே தந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஏறத்தாழ 20 மில்லிவாட் வந்துகொண்டிருந்தது. வடிகண்ணாடி இல்லாததே காரணம். 2013-இல் அதே நிறுவனம் 122 பாயிண்டர்களைச் சோதித்தபோது பச்சையில் சுமார் 90 விழுக்காடும் சிவப்பில் 44 விழுக்காடும் அந்நாட்டு விதிகளுக்கு உட்படவில்லை.

ஆபத்து என்னவென்றால், பிரகாசமான ஒளி பட்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். நம்மைக் காப்பது அந்த இமைப்புதான். அகச்சிவப்புக்கு இமை மூடாது. மங்கலாக இருக்கிறதே என்று ஒரு பிள்ளை பேனாவின் வாய்க்குள் எட்டிப் பார்த்தால், விழித்திரைக்குப் போவது பச்சை மட்டுமாக இருக்காது.

நிஸ்ட்காரர்கள் சொன்ன வீட்டுச் சோதனையே உங்களுக்கும் போதும். ஒரு பழைய சி.டி., ஒரு வெள்ளை அட்டை, கைப்பேசி ஆகியவை வேண்டும். அட்டையின் நடுவில் சிறிய துளையிட்டு, பேனாவை அதன் பின்னால் நிறுத்தி, 20 செ.மீ. முன்னால் சி.டி.யை அட்டைக்கு இணையாக வைத்து, ஒளி சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் நேர்குத்தாக விழும்படி செய்யுங்கள். சி.டி.யின் தடங்கள் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருப்பதால் அது ஒளியைப் பிரித்து அட்டை மீதே திருப்பி எறியும். துளையிலிருந்து ஏறத்தாழ 7 செ.மீ. தொலைவில் முதல் பச்சைப் புள்ளி, 17.8 செ.மீ. தொலைவில் இரண்டாவது. 808 கசிந்தால், இவ்விரண்டுக்கும் நடுவே, 11.7 செ.மீ. அருகில் விழும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1064-ஐ இப்படிப் பிடிக்க முடியாது; அதன் அலைநீளம் 532-இன் சரியான இரு மடங்கு என்பதால், இரண்டாவது பச்சைப் புள்ளியின் மேலேயே போய் ஒளிந்துகொள்ளும்.

கைப்பேசியின் பின்பக்கக் கேமராக்கள் பலவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஏற்பாடு இருக்கும். எனவே டிவி ரிமோட்டின் முனையைக் கேமராவுக்குக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துங்கள். விளக்கு மினுங்குவது எந்தக் கேமராவில் தெரிகிறதோ, அது சோதனைக்கு ஆகும். பெரும்பாலும் முன்பக்கக் கேமரா உதவும். சி.டி. பல திசைகளில் ஒளியைத் தெறிக்கும் என்பதால் அறையில் வேறு யாரும் இருக்க வேண்டாம், சி.டி. பக்கம் குனிந்து பார்க்காமல், அட்டையை மட்டும் பக்கவாட்டிலிருந்து படம் எடுங்கள்.

மேல்மலை ஆசிரியை
ஜனவரி 11, மாலை 6.50

சோதனையை நேற்றிரவு, பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, ஆய்வகக் கதவைத் தாழிட்டுக்கொண்டு செய்தேன். ஜன்னலைத் திறந்துவைத்ததில் அறை 11 டிகிரிக்கு வந்திருந்தது. என் கைப்பேசியில் பின்பக்கக் கேமரா ரிமோட்டைக் காட்டவில்லை. முன்பக்கம் ஊதா நிறத்தில் காட்டியது.

அட்டையில் கண்ணுக்குப் பச்சைப் புள்ளிகள் இரண்டு மட்டும் தெரிந்தன, இரண்டுமே மங்கல். கைப்பேசித் திரையில் பார்த்தால், அவற்றுக்கு நடுவே மூன்றாவதாக ஒன்று, வெளிறிய ஊதாவில், பச்சையைவிடப் பெரிதாகப் பூத்துக்கிடந்தது. படம் எடுத்துவிட்டு அளவுகோலை வைத்தேன்: துளையிலிருந்து 11 செ.மீ. 6 மி.மீ. திரையில் ஜொலிக்கும் இடத்தை நேரில் பார்த்தால் வெறும் வெள்ளை அட்டை. அந்த இடத்தில் விரலை வைத்தபோது, திரையில் விரல்நுனி ஊதாவாக மாறியதைப் பார்த்து, உண்மையில் கொஞ்சம் பயந்துவிட்டேன்.

மே மாதத்தில் இதே பேனாவை ஆளுக்கொருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லி மாணவர்கள் கையில் கொடுத்திருக்கிறேன். யார் முகத்துக்கும் நேரே பிடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்ததுதான் ஒரே ஆறுதல். பேட்டரியைக் கழற்றிவிட்டு, "பயன்படுத்தாதே" என்று சீட்டு ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். விற்றவருக்குப் படங்களோடு எழுதியிருக்கிறேன், இதுவரை பதிலில்லை.

ஒரு வடிகண்ணாடி வாங்கி முன்னால் ஒட்டிவிட்டால் இதைக் காப்பாற்ற முடியுமா? அல்லது குளிரில் மங்காத வேறு வகை ஏதேனும் இருக்கிறதா?

பேட்டரிப் பித்தன்
ஜனவரி 11, இரவு 8.15

வடிகண்ணாடி ஒட்டினால் கசிவு நிற்கும். குளிரில் மங்குவது நிற்காது. உங்கள் ஊருக்கு அந்தச் செலவு வீண்.

இப்போது கிடைப்பவற்றில் 520 நானோமீட்டர் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். அவற்றில் நைட்ரைடு குறைகடத்தியால் ஆன டயோடே நேரடியாகப் பச்சை தருகிறது. படிகமும் இல்லை, 808-உம் இல்லை. குளிரில் அலைநீளம் கொஞ்சம் நகரும்தான். அதை விழுங்கக் காத்திருக்கும் படிகம் ஏதும் இல்லாததால் ஒன்றும் கெடாது. நிறம் மட்டும் சற்று வேறாக இருக்கும்: பழையது கிளிப்பச்சை என்றால் இது மரகதத்தின் பக்கம். பகல் பார்வைக்கு, அதே மில்லிவாட்டில், ஐந்தில் ஒரு பங்கு பிரகாசம் குறைவாகத் தோன்றும். இருட்டுக்குப் பழகிய கண்ணின் கூருணர்வு 507 நானோமீட்டர் பக்கம் நகர்ந்துவிடுவதால், உங்கள் வேலைக்கு அது குறையே அல்ல.

ஒரு விஷயம். பச்சை டயோடுக்கு 6 வோல்ட் அளவு வேண்டும். அதனால் உள்ளே வோல்ட்டை ஏற்றும் மின்சுற்று இருக்கும், அது டிரிபிள் ஏ பேட்டரியை விரைவில் காலி செய்துவிடும். ரீசார்ஜ் செய்யும் ஒற்றை லித்தியம்-அயனி செல் போடுகிற மாடலாகப் பாருங்கள். குளிருக்கு நல்லது என்று சொல்லி 1.5 வோல்ட் லித்தியம் டிரிபிள் ஏ யாராவது பரிந்துரைத்தால் யோசித்துப் போடுங்கள்: புதியதாக இருக்கும்போது அது 1.8 வோல்ட் வரை நிற்கும், மின்சுற்றில் கட்டுப்பாடு இல்லாத பேனாவில் டயோடை அடித்துவிடும்.

பழைய ரேடியோ
ஜனவரி 11, இரவு 9.05

திருகு பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆசிரியை அதைத் திருகியிருந்தால் பச்சை கூடியிருக்குமோ என்னவோ, ஊதா நிச்சயம் கூடியிருக்கும்.

வாங்கும்போது வகுப்பு 2 அல்லது வகுப்பு 3ஆர் என்று உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது 1 மில்லிவாட்டுக்குள், இரண்டாவது 5-க்குள். மலைக்கு மேலே பறக்கும் விமானத்தின் விளக்கு தெரிந்தால் அந்த நேரம் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். மற்றபடி, உறையில் எழுதியிருப்பதை நம்பாமல், அதே சி.டி.யை வைத்துப் பாருங்கள்.

மேல்மலை ஆசிரியை
பிப்ரவரி 3, இரவு 9.30

புதியது வந்தது. 520 என்று போட்டிருந்தார்கள். பெட்டியைப் பிரித்தவுடன் அதே அட்டை, அதே சி.டி., அதே 20 செ.மீ. முதல் புள்ளி 6.9 செ.மீ. இரண்டாவது 17.8-க்கு வரவில்லை, 17.1-இலேயே நின்றுவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், 520 சரிதான். நடுவில் முன்பக்கக் கேமராவுக்கும் எதுவும் தெரியவில்லை. பிறகு பெட்டியோடு திண்ணையில் அரைமணி நேரம் ஆறவிட்டு சோலார் செல்லில் அளந்தேன்: வகுப்பறையில் 1.2 மில்லியாம்பியர், 8 டிகிரியில் 1.2 மில்லியாம்பியர்.